பிளேட்டில் நான் சுரண்டிய இரண்டு புள்ளிகள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும் நாலைந்து கடிதமும்தான். ஞாபகமும் இப்போது முன்னுக்குப் பின்னாகத்தான் வருகிறது. எங்கேயாவது தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது இது நினைவுக்கு வந்து நான் தனியாகச் சிரித்துவிட்டேன். பக்கத்திலிருந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். இனி வெளியில் இறக்கி வைத்தால்தான் நல்லது என்று எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் சிவாஜிநகரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தோம். மார்க்கெட்டுக்குப் பின்னால் துணிக்கடைகள் இருந்த சந்தில், ஒரு மாடியில். கூரையில் பாதி கண்ணாடி. அந்த வெளிச்சத்தில்தான் படம் எடுப்பது. என் வீட்டுக்காரரின் அண்ணன் படம் எடுப்பார். அவரை இங்கே பெரியவர் என்றே எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கு இருட்டறை வேலை. பெரியவரின் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். வருகிறவர்களுக்குத் தலை வாரி, பவுடர் போட்டு, கவரிங் நகை மாட்டி உட்கார வைப்பது அவள் வேலை. எனக்கு டச்சிங்.

டச்சிங் என்றால் என்னவென்று இப்போதிருப்பவர்களுக்குத் தெரியாது. அப்போது படம் கண்ணாடி பிளேட்டில் விழும். பிளேட்டில் எல்லாம் தலைகீழ். வெள்ளை கறுப்பாக இருக்கும், கறுப்பு வெள்ளையாக இருக்கும். நான் ஜன்னலோரம் ஒரு சாய்ந்த பலகையில் பிளேட்டை நிறுத்தி, தலைக்கு மேல் கறுப்புத் துணியைப் போட்டுக்கொண்டு, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் பருவை, தழும்பை, கண்ணுக்குக் கீழே இருக்கும் குழியை எல்லாம் நிரப்புவேன். கறுப்பாக ஏதாவது புள்ளி இருந்தால் அது படத்தில் வெள்ளையாக விழுந்துவிடும். அதைச் சின்னக் கத்தியால் பூப்போலச் சுரண்டி எடுப்பேன். அம்மைத் தழும்பு முகத்தோடு வந்தவர்கள் எங்கள் கடையிலிருந்து வழவழவென்று போனார்கள். ஒரு பிளேட் என் பலகையை விட்டுப் போனால் அதில் வேண்டாத புள்ளி ஒன்றுகூட இருக்காது. எனக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான்.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். வடார்க்காட்டிலிருந்து வந்த குடும்பம். தம்பி பெண்டாட்டி, புருஷனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசக் கூடாது. ஒரே மாடியில் காலையிலிருந்து சாயங்காலம்வரை வேலை செய்வோம், நடுவில் ஒரு துணித்திரைதான். ஆனாலும் பெரியவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நான் அக்காவின் காதில் சொல்ல வேண்டும், அக்கா அவரிடம் சொல்வாள். அவர் பதிலைச் சுவரைப் பார்த்துச் சொல்வார்.

"பென்சில் தீந்துபோச்சாம்" என்பாள் அக்கா.

"நாளைக்கு வாங்கியாறேன்னு சொல்லு."

"இங்கதான் நிக்கறா, காது நல்லாத்தான் கேக்குது" என்பாள் அவள்.

இப்படி ஆறு வருஷம். என் குரல் எப்படி இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. நான் அவ்வளவு கூச்சக்காரி.

எங்கள் வாடிக்கைக்காரர்களில் ஒருவர் கோலார் தங்கவயலில் சுரங்க சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. தொம்மலூரில் தனியாக இருந்தார். அப்போது தொம்மலூர் முழுக்க வயலும் ஏரியுமாக இருந்தது, ராத்திரியில் ஒரு விளக்கு கிடையாது. பெரியவர் ஒதுக்கி வைத்திருந்த பழைய பித்தளை லென்ஸ் ஒன்றை அவர் வாங்கிக்கொண்டு போய், மரப்பெட்டியில் பொருத்தி, அளவைக் கருவியின் முக்காலியில் ஏற்றி, வானத்தைப் படம் எடுப்பார். அமாவாசையை ஒட்டிய நாட்களில் மட்டும்தான். மறுநாள் பிளேட்டைக் கம்பளியில் சுற்றி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். என் வீட்டுக்காரர் கழுவிக் கொடுப்பார், அவர் வாங்கிப் போய்விடுவார். அதில் எனக்கு வேலை இல்லை. முதல் தடவை அது காய்ந்துகொண்டிருந்தபோது பார்த்துவிட்டு, "யாருங்க இது, மொகம் பூரா அம்மை?" என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் சிரித்து, "வானம்டி" என்றார். எதற்காக எடுக்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. வாடிக்கைக்காரர் கொண்டுவரும் பிளேட்டில் என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று கேட்கக் கூடாது என்பது பெரியவரின் சட்டம்.

நடந்தது ஒரு தீபாவளியின்போது. தீபாவளியும் அமாவாசையை ஒட்டித்தான் வரும், சர்வேயர் ஐயாவின் பிளேட்டும் அப்போதுதான் வரும். அந்த வாரம் கடையில் கால் வைக்க இடமில்லை. புதுத் துணி கசங்குவதற்குள் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஊரே மாடிப்படியில் நின்றது. என் பலகைக்குப் பக்கத்துத் தட்டில் பிளேட்டுகள் அடுக்கடுக்காகக் குவிந்தன. அந்த அவசரத்தில் சர்வேயர் ஐயா இன்னும் வாங்கிப் போகாத இரண்டு வான பிளேட்டுகளும் என் தட்டில் வந்துவிட்டன. நாலு நாள் இடைவெளியில் ஒரே இடத்தை எடுத்தவை.

தட்டுக்கு வந்தால் டச்சிங்குக்கு என்றுதானே அர்த்தம்? நான் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். ஒரே முகத்தை இரண்டு போஸ் எடுத்தால் நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். மச்சம் என்றால் இரண்டிலும் இருக்கும். ஒன்றில் மட்டும் இருந்தால் அது மருந்துத் தூள் ஒட்டிய கறை, சுரண்டிவிட வேண்டும். எனக்கு அந்த நட்சத்திரங்கள்கூட ஒரு முகமாகத்தான் தெரிந்தன: இரண்டு கண், நீள மூக்கு, கொஞ்சம் கோணல் வாய். முதல் பிளேட்டில் ஐந்து புள்ளி அதிகம், இரண்டாவதில் நாலு. ஒன்பதையும் சுத்தமாக எடுத்துவிட்டேன். அவர் பார்த்து சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு மறுநாள் அவர் வந்தார். கூட்டம் இல்லை. அக்கா அவருக்குப் பலகாரமும் டீயும் கொடுத்தாள். படமெடுக்கும் நாற்காலியில், அரண்மனைப் படிக்கட்டு வரைந்த துணிக்கு முன்னால் உட்கார்ந்து, ராஜா மாதிரி முறுக்கு தின்றார். பண்டிகை மனநிலையில் பெரியவர் தன் சட்டத்தைத் தானே மீறினார்.

"ஐயா, நானும் எத்தினி நாளா பாக்கறேன். வானத்தையே படம் எடுத்துனு இருக்கீங்க. அதுல இன்னாதான் தேடறீங்க?"

"சிரிக்கக் கூடாதுப்பா."

"சிரிக்கல, சொல்லுங்க."

"ஐஸ் கட்டி."

அக்காதான் முதலில் சிரித்தாள். "அதுக்கு வானத்துக்கு ஏன்யா போவணும்? கீழ மீன் மார்க்கெட்ல மரத்தூள்ல பொதைச்சு வெச்சிருக்கான். கேட்ட அளவுக்கு வெட்டித் தருவானே!"

"அதே ஐஸ்தாம்மா. ஆனா இது மலையளவு" என்றார் அவர். "கடைசி கிரகத்துக்கும் அப்பால கோடிக்கணக்குல கெடக்குதாம். புஸ்தகத்துல போட்டிருக்கான். அங்கியே கெடக்கற வரைக்கும் யார் கண்ணுக்கும் ஆப்புடாது. எப்பவாவது ஒண்ணு வழி தவறி நம்ம பக்கம் வரும். கிட்ட வரவர வெயில் பட்டு ஆவியாயி, வால் மொளைக்கும். வால் மொளைச்சா வால்நட்சத்திரம்னு ஊரே பாக்கும். எனக்கு அதுக்கு முன்னாடியே வேணும். வால் மொளைக்காம, சும்மா பஞ்சுத் துணுக்காட்டம் இருக்கறப்ப."

"எப்பிடிக் கண்டுபுடிப்பீங்க?"

"நட்சத்திரம் அது அது எடத்துலயே இருக்கும். இது நகரும். அதான் ஒரே எடத்த ரெண்டு தரம் எடுக்கறேன். இந்தப் பிளேட்ல இருக்கற புள்ளி அந்தப் பிளேட்ல இல்லன்னா, அதான் என் ஐஸ் கட்டி. எட்டு வருசமா ஒண்ணும் ஆப்புடல. கண்ணுல புரை வேற வந்துட்டுது. இந்த வருசத்தோட சரின்னு நெனைக்கறேன்."

திரைக்குப் பின்னால் நான் கையிலிருந்த கத்தியைப் பலகையில் வைத்துவிட்டேன். வேண்டாத புள்ளி என்று நான் எடுத்துப் போட்டேனே, அதைத்தான் இந்த மனுஷன் எட்டு வருஷமாகத் தேடுகிறார். எழுந்து அக்காவைச் சைகையில் கூப்பிட்டேன். அவள் இன்னும் மீன் மார்க்கெட் ஐஸை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. இருமிப் பார்த்தேன். பிறகு என்ன ஆயிற்றோ, திரையைத் தள்ளிக்கொண்டு நடுக்கூடத்துக்கு வந்துவிட்டேன்.

"ஐயா, அத நான் சுரண்டிட்டேன்!"

அவ்வளவு சத்தமாகச் சொல்வேன் என்று நானே நினைக்கவில்லை. கண்ணாடிக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது.

பெரியவர் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "இது யார் கொரலு?" என்று கேட்டார்.

"உங்க தம்பி பொண்டாட்டிதான்" என்றாள் அக்கா. "வாய் இருக்குது, பாத்துக்கோங்க."

"இன்னாத்த சுரண்டிச்சாம்? கேளு."

"நீங்களே கேளுங்க. அவதான் ஆரமிச்சிட்டாளே."

இந்தக் கலாட்டாவில் சர்வேயர் ஐயாவின் முகத்தை நான் மட்டும்தான் பார்த்தேன். கையில் இருந்த முறுக்கை மெதுவாகத் தட்டில் வைத்தார். திட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். போட்டுக்கொள்ளாமல் திரும்ப வைத்தார். திட்டியிருந்தால் எனக்குப் பரவாயில்லை. அழுகை வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் இருட்டறையிலிருந்து ஓடிவந்து பிளேட்டுகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். சாய்த்தால் சுரண்டிய இடம் கொஞ்சம் மின்னும். "இதுல அஞ்சு எடம், அதுல நாலு எடம் இருக்குதே. எது எதுன்னு எப்பிடித் தெரியும்?" என்றார்.

"மத்ததெல்லாம் மருந்துத் தூளுங்க" என்றேன். ஒரு தடவை வாயைத் திறந்தபிறகு மூட வரவில்லை. "தூள்னா ஓரம் கூரா இருக்கும். இதுல ஒண்ணு, அதுல ஒண்ணு, ரெண்டு மட்டும் ஓரமே இல்ல. ஊதினா பறந்துடுமாட்டம் இருந்துது. சுரண்டவே மனசு வரல, இருந்தாலும்..."

சர்வேயர் ஐயா எழுந்துவிட்டார். "ஓரமே இல்லியா? பஞ்சாட்டமா?"

"ஆமாங்க. முட்டைக்கோழியோட அடிவயித்து எறகாட்டம்."

"எங்க இருந்துது? அத சொல்லு தாயி, அது போதும்."

நான் பிளேட்டில் அந்த நட்சத்திர முகத்தைக் காட்டினேன். அவருக்கு முகம் தெரியவில்லை. வானத்தில் இத்தனை வருஷம் பார்த்தும் அவருக்கு அங்கே ஒரு மூக்கு இருப்பது தெரியவில்லை. நான் விரலால் காட்டி, "முதல் நாளு பொட்டு வைக்கிற எடத்துலேர்ந்து ஒரு கடுகு கீழ. ரெண்டாவது பிளேட்ல மூக்குத்தி போடற எடத்துல" என்றேன். அங்கே பார்த்தால் இரண்டு பிளேட்டிலும் சுரண்டல் மின்னியது.

அப்போது அவர் சிரித்தார் பாருங்கள்! முன்பல் இல்லாத வாயோடு, முறுக்குத் தூள் பறக்க. "பொட்டுலேர்ந்து மூக்குத்தி! ரெண்டு புள்ளி இருந்தா கோடு போட்டுடலாமே! சுரங்கத்துல அதானே என் பொழைப்பு! நாலு நாள்ல இவ்ளோ தூரம்னா, அடுத்து..." கோடு போட்டு நீட்டினார். கோடு கன்னத்தில் இறங்கித் தாடையை நோக்கிப் போயிற்று. அங்கே இன்னொரு படம் எடுத்து, பஞ்சு கிடைத்தால் அது நிஜம். கிடைக்காவிட்டால் நான் சுரண்டியது வெறும் அழுக்கு.

ஆனால் வளர்பிறை ஆரம்பித்துவிட்டது. நிலா பெரிதானால் அந்தப் பஞ்சு தெரியாது, அஷ்டமிக்குள் எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன கையோடு மழை பிடித்துக்கொண்டது.

ஐப்பசி மழையை வேண்டாம் என்று வேண்டிக்கொண்டவள் பெங்களூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். துவிதியை, திருதியை, சதுர்த்தி. தினம் காலையில் அக்கா காலண்டர் தாளைக் கிழித்து, என் முன்னால் ஆட்டிக்காட்டுவாள்.

"இன்னிக்கிப் பஞ்சமி. மானம் பாரு, எருமை மாட்டு முதுகாட்டம் இருக்குது."

"சும்மா இருங்கக்கா."

"நான் இன்னாடி பண்றது? ஏரி ரொம்பணும்னு ஊரே கும்புடுது. இவ ஒருத்திக்கு மழை வேணாமாம்! யார் பேச்ச கேப்பாரு கடவுள்?"

பெரியவருக்கும் பதற்றம் தொற்றிக்கொண்டது. மொட்டை மாடிக்கு ஏறுவார், இறங்குவார். இறங்கி வந்து, சுவரைப் பார்த்து, "கெழக்குல கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்குது" என்பார். நான் திரைக்குப் பின்னாலிருந்து "சரிங்க" என்பேன். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். "எனக்கு வேல போச்சு!"

சஷ்டியன்று சாயங்காலம் மழை விட்டது. சப்தமி காலையில் கடை திறக்கும் முன்பே சர்வேயர் ஐயா ஜட்கா வண்டியில் வந்து நின்றார். சைக்கிளில் வந்தால் பிளேட் உடைந்துவிடுமோ என்று பயம். ராத்திரி மேகம் விலகி, ஒரு மணி நேரம் கிடைத்ததாம். என் வீட்டுக்காரர் பிளேட்டை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனார். நாங்கள் நாலு பேரும் கதவுக்கு வெளியே, பிரசவ அறைக்கு வெளியே நிற்பதுபோல நின்றோம்.

"ஆச்சாடா?" என்பார் பெரியவர்.

"இன்னும் இல்லண்ணா."

"ஜல்தி ஆவட்டும்டா!"

"மருந்துக்கு ஜல்தி தெரியாதுண்ணா."

வெளியே வந்ததும் காய வைக்கக்கூட விடாமல் நான் வாங்கிப் பலகையில் நிறுத்திவிட்டேன். தண்ணீர் என் மடியில் சொட்டியது. கறுப்புத் துணியை இழுத்து மூடிக்கொண்டேன். கண் இருக்கிறது, மூக்கு இருக்கிறது, வாய் இருக்கிறது. பொட்டு இடம் காலி. மூக்குத்தி இடம் காலி. கன்னத்தில் இறங்கினேன். தாடைக்குக் கொஞ்சம் மேலே, ஓரமே இல்லாமல், சின்னதாக, ஊதினால் பறந்துவிடுகிற மாதிரி இருந்தது.

துணிக்குள்ளேயே நான் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். வெளியே அவர்களுக்கு நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று தெரியவில்லை. அக்கா துணியைப் பிடுங்கினாள். நான் விரலை நீட்டிக் காட்டினேன். சர்வேயர் ஐயா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆண்டவரே, ஆண்டவரே" என்று இரண்டு தடவை சொன்னார். உடனே, "கத்திய அந்தாண்ட எடுத்து வையுங்கப்பா!" என்று கத்தினார். அவ்வளவுதான், ஐந்து பேரும் சிரித்த சிரிப்பில் கீழ்க் கடை துணிக்காரர் என்னவோ ஏதோவென்று மேலே ஏறி வந்துவிட்டார். எனக்கு விக்கல் பிடித்துக்கொண்டது.

பெரியவர் இறங்கி ஓடி, மார்க்கெட்டிலிருந்து ஒரு பாளம் ஐஸை வாங்கித் தலையில் துண்டு போட்டுச் சுமந்து வந்தார். ஸ்வெட்டர் போடுகிற குளிரில் எல்லோருக்கும் ஐஸ் போட்ட நன்னாரி சர்பத். லேசாக மீன் வாசனை. பல் கிட்டிக்கப் பேசினோம். "கேளுங்கப்பா, கடைசி கிரகத்துக்கு அப்பாலேர்ந்து வந்த ஐஸு" என்று அக்கா ஒவ்வொரு டம்ளருக்கும் சொன்னாள். முதல் டம்ளரைப் பெரியவர் எனக்கு நீட்டினார், நேராக என்னைப் பார்த்து, "இந்தாம்மா" என்று. அதற்குப் பிறகு அந்த வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு படமும் எடுத்துக்கொண்டோம். ஆடாமல் இருங்கள் என்று சொன்னார்கள். விக்கலில் நான் ஆடிவிட்டேன், படத்தில் என் இடத்தில் புகைதான் இருக்கிறது.

அன்றே அவர் வால்நட்சத்திரங்களைப் பதிவு செய்கிற சீமை ஆபீசுக்குத் தந்தி கொடுத்தார். பதில் கடிதம் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. வெளிநாட்டில் யாரோ இரண்டு பேர் அதே ஐஸ் கட்டியை இரண்டு நாள் முன்னால் கண்டு சொல்லிவிட்டார்களாம். பெயர் அவர்களுக்குத்தான். முதல் இரண்டு பிளேட்டும் என் கத்தி படாமல் இருந்திருந்தால் எல்லோருக்கும் முன்னால் கண்டவர் எங்கள் சர்வேயர் ஐயாதான். சுரண்டிய இடத்தைச் சாட்சியாக ஏற்க முடியாது என்று எழுதியிருந்தார்கள்.

நான் தலை குனிந்து நின்றேன். அவர் கடிதத்தின் இரண்டாவது பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். வரிசையாக எண்கள்.

"இத பாரு தாயி. எந்தெந்த நாள்ல அது எங்க இருந்துதுன்னு பின்னோக்கிக் கணக்குப் போட்டு அனுப்பியிருக்கான். தீபாவளிக்கு முன்ன அந்த ரெண்டு நாளும் எங்க இருந்துதுன்னு நெனைக்கற? ஒண்ணு பொட்டுக்குக் கீழ. ஒண்ணு மூக்குத்தி. நீ சுரண்டின எடம், மயிரிழை தப்பல. எட்டு வருசம் நான் தேடினேன், அஞ்சு நிமிசத்துல நீ கண்டுபுடிச்சே. கூடவே தொடைச்சிட்டே, அது வேற விஷயம்!"

திரும்பவும் சிரித்தோம். அவர் அடுத்த கோடையில் கண் ஆபரேஷன் செய்துகொண்டார். அந்த மூன்று பிளேட்டும் என்ன ஆயின என்று எனக்குத் தெரியாது.

அந்த எண்கள் என்ன சொல்கின்றன என்று எனக்குப் புரியாது. என் மனசு நோகக் கூடாது என்று அவர் பொய் சொல்லக்கூடியவர்தான், அவ்வளவு நல்ல மனிதர். அதனால் வானசாஸ்திரம் படித்தவர்கள் யாராவது தயவுசெய்து சரிபார்க்க வேண்டும். நயா பைசா வந்த வருஷம், அல்லது அதற்கு அடுத்த வருஷம். தீபாவளிக்கு ஏழெட்டு நாள் முன்னால் ஒன்று, மூன்று நாள் முன்னால் ஒன்று. கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்திலிருந்து கொஞ்சம் தள்ளி என்று சொன்ன ஞாபகம். இரண்டு கண், நீள மூக்கு, கோணல் வாய் இருக்கும், தேடினால் தெரியும். அந்த நாட்களில் அங்கே பஞ்சு மாதிரி ஒன்று இருந்ததா என்று பார்த்துச் சொல்லுங்கள். தேதியை நான் தப்பாகச் சொல்லியிருந்தால் முன்னே பின்னே தள்ளியும் பாருங்கள்.